பேக்கப் இருக்கிறது, திரும்ப வருமா?

2023 ஆகஸ்ட் 26. இலங்கை அரசு அலுவலகங்களின் மின்னஞ்சலைத் தாங்கிநின்ற அரசு கிளவுட் அமைப்புக்குள், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சிஸ்டத்தை எழுப்பிவிட்டார்கள். ஆனால், மே 17 முதல் தாக்குதல் நடந்த நாள் வரை வந்துபோன கடிதங்கள் எதுவும் திரும்பவில்லை. அந்த மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட காலத்துக்கு ஆஃப்லைன் பேக்கப் இல்லை. ஆன்லைனில் இருந்த பேக்கப்பையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டியிருந்தது. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளோ 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்கும் திட்டம் 2021-லிருந்தே இருந்தும் பணமில்லாமல் தள்ளிப்போனது என்று பிறகு விளக்கம் வந்தது.

பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டால் இன்று எந்த நிறுவனமும் இல்லை என்று சொல்லாது. இரவு பதினோரு மணிக்கு ஜாப் ஓடும். காலையில் பச்சை டிக்குடன் மெயில் வரும். மாதக் கடைசியில் அந்த மெயில்கள் ஓர் அறிக்கையாகி முதலாளியின் மேசைக்குப் போகும். அந்தப் பேக்கப்பிலிருந்து ஒரு சர்வரைக் கடைசியாக எப்போது எழுப்பிப் பார்த்தீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் அறை அமைதியாகிவிடும். இந்த இரண்டாவது கேள்வியை முதலாளி கேட்பதில்லை, ஆடிட்டர் கேட்பதில்லை, சட்டமும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

இருபது வருடங்களுக்கு முன் கணக்குக்கு ஒரு சர்வர், மின்னஞ்சலுக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று என்று ஒரு நடுத்தர நிறுவனத்தின் சர்வர் அறையில் பெட்டிகள் அடுக்கியிருக்கும். இன்று நிற்பவை இரண்டோ மூன்றோதான். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் பத்துப் பதினைந்து மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. ஐ.டி. ஆட்கள் 'வி.எம்.' என்று சுருக்கிச் சொல்வது இவற்றைத்தான். ஒரே பெட்டியின் பிராசசரையும் மெமரியையும் இவற்றுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். யோசனை பழையது, ஐபிஎம் 1972-லேயே தன் பெரிய கணினிகளுக்கு விஎம்/370 என்ற பெயரில் இதை விற்றது. சாதாரண சர்வர்களுக்குக் கொண்டுவந்து ஊர் முழுக்கப் பரப்பியது, 1998-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட விஎம்வேர்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஹைப்பர்வைசரின் கண்ணுக்கு ஒரு வி.எம். என்பது சில ஃபைல்கள், அவ்வளவுதான். விண்டோஸ், டேலி, டேட்டாபேஸ், பத்து வருட பில்கள் எல்லாம் ஒரு பெரிய டிஸ்க் ஃபைலுக்குள் அடக்கம். அந்த ஃபைலைக் காப்பி செய்தால் முழு சர்வரையும் காப்பி செய்ததாகிறது. பழைய பெட்டி எரிந்துபோனாலும் வேறொரு பெட்டியில் அதை எழுப்பிவிடலாம். பேக்கப் எடுப்பவருக்கு இது பெரிய வரம்.

திருட வருகிறவருக்கும் அதே வரம்தான். 2023 பிப்ரவரியில் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசர்களைக் குறிவைத்து ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. 3,800-க்கும் மேற்பட்ட சர்வர்கள் சிக்கியதாக அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா சொன்னது. ஒவ்வொரு வி.எம்.முக்குள்ளும் தனித்தனியாகப் புகுந்து மெனக்கெட வேண்டிய தேவையே அந்தக் கும்பலுக்கு இருக்கவில்லை. ஹைப்பர்வைசருக்குள் நுழைந்து, வெளியிலிருந்தே டிஸ்க் ஃபைல்களைப் பூட்டினார்கள். பயன்படுத்திய ஓட்டை புதிதும் அல்ல. அதை அடைக்கும் பேட்ச் சுமார் இரண்டு வருடங்களுக்கு முன்பே வந்திருந்தது. பலருடைய சர்வர்களில் சிறிய விவர ஃபைல்கள் மட்டும் பூட்டப்பட்டு, பெரிய ஃபைல் அப்படியே கிடந்ததால், சிசா இலவசமாகக் கொடுத்த ஸ்கிரிப்டை வைத்துச் சிலர் தப்பினார்கள். திருடர்களின் அவசரத்தால் கிடைத்த அதிர்ஷ்டம் அது. சில நாள்களிலேயே அவர்கள் அந்தக் குறையையும் சரிசெய்துகொண்டார்கள்.

பேக்கப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 'எத்தனை காப்பி' என்று எண்ணிக்கையில் நிற்கிறார்கள். மூன்று காப்பி, இரண்டு விதமான ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 கணக்கைப் பிரபலப்படுத்தியவர் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். நல்ல கணக்கு, இன்றும் செல்லும். ஆனால், அவர் தன் புகைப்படங்களைப் பற்றிக் கவலைப்பட்ட காலத்தில், மூன்று காப்பிகளையும் ஒரே பாஸ்வேர்டால் அழிக்கிற எதிரி இல்லை. இன்று பல அலுவலகங்களில் பேக்கப் மென்பொருள் ஓடுவதே அதே ஹோஸ்ட் பெட்டியில் உள்ள இன்னொரு வி.எம்.மில். அதற்கான லாகின், நிறுவனம் முழுமைக்குமான அதே அட்மின் லாகின். பேக்கப் போய்ச் சேரும் நாஸ் என்ற சேமிப்புப் பெட்டி அதே நெட்வொர்க்கில். பீரோவைப் பூட்டி, சாவியை பீரோவிலேயே தொங்கவிடுகிற காரியம்.

டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுதான். மற்றவர்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதே அவர்கள் தொழில். ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்குச் சர்வர்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் சில ஏற்கெனவே தொற்றோடு இருந்திருக்கின்றன. மாற்றும்போது அவற்றை உள் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். அங்கிருந்து நிர்வாக சிஸ்டங்களுக்கும் பேக்கப்புக்கும் வழி திறந்தது. 2023 ஆகஸ்ட் 18 அதிகாலையில் சர்வர், முதல் பேக்கப், இரண்டாவது பேக்கப் என எல்லாம் ஒருசேரப் பூட்டப்பட்டன. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தரவு முழுவதும் போய்விட்டது என்று நிறுவனமே அறிவித்தது. காப்பிகளின் எண்ணிக்கையில் அங்கே ஒரு குறையும் இல்லை.

மறுபக்கம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தைப் பாருங்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அதன் வி.எம்.கள் கூகுள் கிளவுடில், இரண்டு வெவ்வேறு இடங்களில், ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. 2024 மே மாதத் தொடக்கத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் மறைந்தன. தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. அந்த அமைப்பை முதலில் நிறுவியபோது கூகுள் ஊழியர்கள் ஓர் உள் கருவியில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். வெற்றிடத்தை 'ஒரு வருடத்துக்கு மட்டும்' என்று சிஸ்டம் எடுத்துக்கொண்டது. வருடம் முடிந்ததும் தானாகவே அழித்தது. வாடிக்கையாளர் கேட்டு அழிக்கப்பட்டதல்ல என்பதால் எச்சரிக்கை மெயில்கூடப் போகவில்லை. யூனிசூப்பரைக் காப்பாற்றியது, வேறொரு நிறுவனத்திடமும் அது பேக்கப் வைத்திருந்ததுதான். அப்படியும் உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்கச் சுமார் ஒரு வாரம் ஆனது. இரண்டு ஊர்களில் இருக்கிறது என்று நிம்மதியடைகிறவர்கள், அந்த இரண்டு ஊர்களுக்கும் சாவி ஒரே கையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வி.எம். உலகத்துக்கே உரிய இன்னொரு மயக்கம் ஸ்னாப்ஷாட். ஒரு கிளிக், சில நொடிகள், 'எடுத்தாயிற்று'. அப்டேட் போடுவதற்கு முன் எடுத்துவைத்தால், அது சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அதற்கு இது அருமையான வசதி. அதையே பேக்கப் என்று எண்ணும்போதுதான் வினை தொடங்குகிறது. ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் மூல டிஸ்க் ஃபைல் உறைகிறது. அதன்பின் எழுதப்படும் மாற்றங்கள் எல்லாம் பக்கத்தில் ஒரு டெல்டா ஃபைலில் சேர்கின்றன. மூல ஃபைல் கெட்டால் டெல்டாவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரண்டும் இருப்பது அதே டிஸ்கில். எடுத்தவர் மறந்துவிட்டால் டெல்டா வளர்ந்துகொண்டே போய், ஒருநாள் டிஸ்கை நிரப்பி, அதே இடத்தைப் பகிரும் மற்ற வி.எம்.களையும் சேர்த்து நிறுத்தும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், இது பேக்கப் அல்ல என்று விஎம்வேரே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. போன தீபாவளிக்கு எடுத்த ஸ்னாப்ஷாட் இந்தத் தீபாவளிக்கும் தொங்கிக்கொண்டிருக்கும் சர்வர்களைப் பராமரிப்புக்குப் போகிறவர்கள் கண்டிருப்பார்கள்.

பச்சை டிக் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு, மென்பொருள் எழுதுகிறவர்களே வாடிக்கையாளர்களாக உள்ள ஒரு நிறுவனம்தான் சிறந்த சாட்சி. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் சர்வர் ஒன்று தகராறு செய்தது. நெடுநேரம் போராடிய பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் உள்ள ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து, முதன்மை சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஒன்றிரண்டு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். 300 ஜிபியில் மீதி இருந்தது சுமார் 4.5 ஜிபி.

பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். அமேசான் கிளவுடில் அது இருக்க வேண்டிய இடம் காலி. பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, இரண்டும் ஒத்துவராமல் ஜாப் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றால் மெயில் வர வேண்டுமே? மெயில் அனுப்பப்பட்டது. முறையான கையொப்பம் இல்லாததால் மெயில் சர்வர் அதை ஏற்காமல் தள்ளிவிட்டது. ஐந்து விதமான ஏற்பாடுகள் வைத்திருந்தும் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதினார்கள். கடைசியில் கைகொடுத்தது, ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு ஏதோ சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட். மெதுவான டிஸ்கில் இருந்த அதைக் காப்பி செய்யவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது, நடந்ததை ஒளிக்காமல் பதிவு செய்தது என்று கிட்லேப் நடந்துகொண்ட விதம் பாராட்டுக்குரியது. நம் ஊரில் இப்படியொன்று நடந்தால் 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற இரண்டு சொற்களோடு கதை முடிந்துவிடும்.

அந்த 18 மணி நேரத்தைப் போகிறபோக்கில் விட்டுவிடக் கூடாது. மீட்க முடியுமா என்பது பாதிக் கேள்வி. எத்தனை நாளில் என்பது மீதிப் பாதி. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களை ரான்சம்வேர் தாக்கியது, சுமார் 1.3 டிபி தரவு பூட்டப்பட்டது. தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தரவு முழுவதும் மீட்கப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நல்ல செய்தி. ஆனால், இடைப்பட்ட இரண்டு வாரங்கள் நாட்டின் முதன்மை மருத்துவமனையில் சீட்டு எழுதுவதும் பரிசோதனை முடிவு எழுதுவதும் கையால்தான் நடந்தன.

அளவு பெரியது என்று பேக்கப்பையே விட்டுவிடுவதும் உண்டு. தென்கொரியாவின் தேஜான் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று லித்தியம் பேட்டரியிலிருந்து தீ பிடித்தது. 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமிக்கும் ஜி-டிரைவ் என்ற 858 டிபி கிடங்கு சாம்பலானது. கொள்ளளவு பெரிது, அமைப்பு அப்படி, அதனால் வெளியே பேக்கப் வைக்க முடியவில்லை என்றார்கள். எதை இழந்தால் தாங்க முடியாதோ அதற்குத்தான் இந்தச் சாக்கு சொல்லப்படுகிறது.

இந்தியச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? கம்பெனிகளின் கணக்குப் பதிவேடுகள் மின்னணு வடிவில் இருந்தால், அவற்றின் பேக்கப் நாள்தோறும் எடுக்கப்பட்டு, இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் 'அவ்வப்போது' என்றுதான் இருந்தது. நாள்தோறும் என்று மாற்றியது சரியான காரியம். திருப்பூரின் சின்ன ஏற்றுமதி நிறுவனமானாலும் பிரைவேட் லிமிடெட் என்றால் இந்த விதி பொருந்தும். ஆனால், விதி பேக்கப் எடுப்பதோடு நின்றுவிட்டது. எடுத்தது திறக்கிறதா என்று அது கேட்கவில்லை. அதனால் ஆடிட்டரும் ஜாப் ஓடிய லாகைப் பார்த்துவிட்டுப் போகிறார். கிட்லேப் நிறுவனத்திடம் லாக் கேட்டிருந்தாலும் ஏதாவது ஒன்றைக் காட்டியிருக்க முடியும்.

விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கணக்கு ஓடும் வி.எம்.மைப் பேக்கப்பிலிருந்து தனியாக எழுப்பி, எவ்வளவு நேரம் பிடித்தது, எந்தத் தேதி வரையிலான பதிவுகள் வந்தன என்று குறித்துவைக்க வேண்டும். தணிக்கையில் அந்தக் குறிப்பைக் காட்ட வேண்டும்.

சிறு நிறுவனங்களுக்கு இது சுமை என்ற வாதம் வரும். முன்பு அது நியாயம். சோதித்துப் பார்க்க இன்னொரு சர்வர் வாங்க வேண்டியிருந்தது. வி.எம். காலத்தில் அந்தத் தேவை இல்லை. அதே பெட்டியில், நெட்வொர்க்கிலிருந்து துண்டித்த ஒரு மூலையில், பேக்கப்பை எழுப்பிப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம். வீம் மென்பொருள் இதைத் தானாகச் செய்யும் வசதியை 2010 வாக்கிலேயே கொண்டுவந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: பல மென்பொருள்களில் 'வெரிஃபை' என்றொரு பட்டன் இருக்கும். பேக்கப் ஃபைல் எழுதியபடியே இருக்கிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். டேட்டாபேஸ் பாதி எழுதிக்கொண்டிருந்த நொடியில் எடுத்த பேக்கப்பாக இருந்தால், வெரிஃபை பாஸாகும். டேட்டாபேஸ் திறக்க மறுக்கும். எழுப்பி, லாகின் செய்து, நேற்றைய பில் ஒன்றைத் தேடிப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

இதை இப்போதே பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டினால் காலத்துக்கும் செல்லும் லைசென்ஸ் விற்பனை நின்றது, இனி சந்தாதான். செலவு ஏறியதால் சிறு, நடுத்தர நிறுவனங்கள் பலவும் வியன்னாவின் ப்ராக்ஸ்மாக்ஸ், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி என்று மாறிக்கொண்டிருக்கின்றன. ஓடும் வி.எம்.களை மாற்றுவதில்தான் எல்லோருடைய கவனமும். அலமாரியில் இருக்கும் பழைய பேக்கப்பை யாரும் நினைப்பதில்லை. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். விஎம்வேர் காலத்தில் எடுத்த பேக்கப், புதிய ஹைப்பர்வைசரில் அப்படியே எழுந்துவிடாது. டிஸ்க் வடிவம் வேறு, டிரைவர்கள் வேறு. சில பேக்கப் மென்பொருள்கள் மாற்றித் தரும், சில தராது. பழைய ஹோஸ்ட் பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்புமுன், ஒரு சனிக்கிழமை மதியம் 2020 மார்ச் மாத முடிவுப் பேக்கப்பைப் புதிய இடத்தில் எழுப்பி, டேலியைத் திறந்து, அந்த வருட பேலன்ஸ் ஷீட் பிரிண்ட் ஆகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பெட்டி போன பிறகு வருமான வரி நோட்டீஸ் வந்தால், இனி விற்கப்படாத ஒரு லைசென்ஸைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.