இண்டிகேட்டர் குச்சியைக் காணோம்

ஸ்டியரிங்குக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இண்டிகேட்டர் குச்சியை இருட்டிலும் விரல் தானாகத் தேடிப்போகும். வண்டி திரும்பி முடித்ததும் விளக்கு அதுவாக அணைந்துவிடும். 1940-லேயே ப்யூக் கார்களில் வந்துவிட்ட வசதி இது.

2021-ல் மாடல் எஸ் காரிலும், 2023-ல் மாடல் 3-லும் டெஸ்லா அந்தக் குச்சியைப் பிடுங்கிவிட்டு, ஸ்டியரிங் மேலேயே இரண்டு பொத்தான்களை வைத்தது. நேர்ச்சாலையில் குறையில்லை. ஐரோப்பாவின் ரவுண்டானாக்களில்தான் வினை. ஸ்டியரிங் பாதி சுற்றியிருக்கும்போது வெளியேறும் சைகை காட்டியாக வேண்டும்; அந்த நொடியில் பொத்தான்கள் தலைகீழாகப் போயிருக்கும். போதாக்குறைக்கு, தானாக அணைக்கும் வசதியை இயக்கினால் எப்போது அணைப்பது என்பதை மென்பொருளே தீர்மானிக்கும். அது முந்திக்கொண்டால் பின்னால் வருபவருக்குக் குழப்பம், பிந்தினால் எதிரே காத்திருப்பவருக்கு.

பிஎம்டபிள்யூவில் வேறு கூத்து: குச்சி உண்டு, ஆனால் பல மாடல்களில் தள்ளியதும் நடுவுக்கே திரும்பிவிடும். இடப்பக்கத்தை அணைக்கப்போய் வலப்பக்கத்தை எரியவிட்டு, சாலையில் அசடு வழிந்தவர்கள் உண்டு.

2025-ல் டெஸ்லாவின் புதிய மாடல் ஒய் குச்சியோடுதான் வந்தது. சீனாவில், குச்சியில்லாத மாடல் 3 வாங்கியவர்களுக்கும் அதைப் பொருத்தித் தர முன்வந்தது டெஸ்லா. இலவசமாக அல்ல, விலை 2,499 யுவான்.