மாளிகையும் சங்கிலியும்

 

பழமை வாய்ந்த ஊர்களைக் காணச் செல்வது இன்பம் மட்டுமன்று, படிப்பினையும் ஆகும். பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தோரின் முடிவைக் கவனிக்குமாறு திருமறை பல இடங்களில் நம்மை ஏவுகின்றது. அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பிப் பேராற்றங்கரை மேட்டின் மீது அமைந்துள்ள நாட்செஸ் அத்தகைய படிப்பினை தரும் ஊர்களில் ஒன்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 14,500 பேர்தாம். ஆனால் அச்சிற்றூரின் வரலாறோ பெரிது.

1716இல் பிரெஞ்சுக்காரர் அங்கே கோட்டை கட்டினர். ஊருக்குப் பெயர் தந்த நாட்செஸ் பழங்குடியினர், 1729இல் மூண்ட போருக்குப்பின் தம் சொந்த மண்ணிலிருந்தே சிதறடிக்கப்பட்டனர். பிறகு பருத்தி வந்தது, நீராவிக் கப்பல்கள் வந்தன, செல்வம் குவிந்தது. பண்ணை முதலாளிகள் வெண்தூண்கள் நிறைந்த மாளிகைகளை எழுப்பினர். உள்நாட்டுப் போரில் ஊர் பெருஞ்சண்டையின்றிப் பணிந்ததால் அவற்றுள் பல அழியாது நின்றன. பருத்தி வாணிபம் நலிந்து, பொருளாதார மந்தமும் வாட்டிய 1932ஆம் ஆண்டில், அவ்வூர்ப் பெண்மணிகள் தம் பழைய வீடுகளைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டனர். அன்று தொடங்கிய வசந்தகால விழா இன்றும் ஊருக்கு வருவாய் தருகின்றது.

அங்குள்ள ‘லாங்வுட்’ என்னும் எண்கோண மாளிகையின் உச்சியில் கீழை நாட்டுப் பாணியில் ஒரு குவிமாடம் உண்டு. 32 அறைகளுடன் திட்டமிட்டு 1860இல் கட்டத் தொடங்கினர். மறு ஆண்டே போர் மூண்டது. வடபுலத்துக் கைவினைஞர்கள் ஊர் திரும்பினர். அடித்தளத்தின் 9 அறைகள் மட்டுமே முடிவுற்றன. மேல்தளங்கள் இன்றளவும் வெறும் செங்கல்லும் மரச்சட்டமுமாகவே நிற்கின்றன. செல்வத்தின் நிலையாமைக்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

ஆயின் அச்செல்வம் யாருடைய வியர்வையில் விளைந்தது? ஊர் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், சாலைகள் கூடுமிடத்தில் ஓர் அடிமைச் சந்தை இருந்தது. தாயையும் பிள்ளையையும் பிரித்து விற்கத் தயங்காத வாணிபம் அது. 1863இல் வடபுலப் படை ஊருக்குள் நுழைந்த பின்னரே அது ஒழிந்தது.

அந்த ஊரில் நாற்பதாண்டுகள் அடிமையாய் உழைத்தவர்களுள் ஒருவரின் பெயர் அப்துர் ரஹ்மான் என்பதை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்? மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா ஜலோன் நாட்டு ஆட்சியாளரின் மைந்தர் அவர். குர்ஆனும் அரபு எழுத்தும் கற்றவர். 1788இல் போரில் பிடிபட்டு, கப்பலேற்றப்பட்டு, நாட்செஸில் ஒரு பருத்திப் பண்ணையாளருக்கு விற்கப்பட்டார். 1807இல் அருகிலுள்ள சந்தையில் அவர் காய்கறி விற்றுக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளையர் அவரை அடையாளம் கண்டார். ஆப்பிரிக்காவில் வழிதவறி நோயுற்றுக் கிடந்தபோது அவருடைய தந்தையாரால் பராமரிக்கப்பட்ட மருத்துவர் காக்ஸ் அவர்! நன்றி மறவாத அம்மருத்துவர் விலைகொடுத்து மீட்க முயன்றார், எஜமானர் இசையவில்லை.

1826இல் அப்துர் ரஹ்மான் அரபியில் எழுதிய மடல் மொராக்கோ சுல்தான்வரை சென்றது. சுல்தானின் வேண்டுகோளாலும் அமெரிக்க அரசின் தலையீட்டாலும் 1828இல் விடுதலை கிட்டியது. மனைவி இசபெல்லாவும் மீட்கப்பட்டார். பிள்ளைகளோ அடிமைத்தளையிலேயே இருந்தனர்! அவர்களை மீட்கும் பொருட்டு வடபுல நகரங்களில் அலைந்து நிதி திரட்டினார் அம்முதியவர். கிறிஸ்தவர்களின் ஜெபத்தை அரபியில் எழுதித் தருமாறு கேட்டவர்களுக்கு அவர் எழுதித் தந்தது அல்ஹம்து சூரா! 1829இல் லைபீரியா சென்றடைந்த அவர், தாயகம் காணாமலே அவ்வாண்டு ஜூலையில் இறையடி சேர்ந்தார். அவர் திரட்டிய நிதியால் இரு புதல்வர்களின் குடும்பங்கள் மட்டும் பின்னர் கடல் கடந்து வந்தன.

நெடுங்காலம் நாட்செஸ் தன் விருந்தினருக்கு மாளிகைகளின் பெருமையையே கூறியது. அந்நிலை மெல்ல மாறிவருகின்றது. அடிமையாய்ப் பிறந்து, விடுதலை பெற்று, பின்னர்த் தாமே அடிமைகளை வைத்திருந்த வில்லியம் ஜான்சன் என்னும் நாவிதரின் இல்லமும் இன்று காட்சிக்கு உரியது. 1835 முதல் 1851 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு ஊரின் அன்றாட வாழ்வைக் கூறுகின்றது. பழைய அடிமைச் சந்தையின் தரையில் விலங்குச் சங்கிலிகள் கான்கிரீட்டில் பதிக்கப்பட்டுள்ளன. 2021இல் அவ்விடம் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் வந்தது.

நமக்கே எதிராயினும் நீதிக்குச் சாட்சி கூறுங்கள் என்பது திருமறையின் கட்டளை. தன் பெருமையை மட்டும் பேசும் ஊர் பாதி வரலாற்றையே பேசுகின்றது. தன் குற்றத்திற்கும் தானே சாட்சி சொல்லத் துணியும் ஊரே வருவோருக்கு ஆசானாகின்றது. குடும்பத்திற்கும் இது பொருந்தும். சகோதரிகளே! அடுத்த முறை பிள்ளைகளை ஒரு பழைய கோட்டைக்கோ மாளிகைக்கோ அழைத்துச் சென்றால், ‘இதைக் கட்டுவித்தவர் யார்?’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘கல் சுமந்தவர் யார்? அவருக்குக் கூலி கிடைத்ததா?’ என்றும் கேட்கப் பழக்குங்கள்.