வெள்ளைப் பலகைக்குப் பின்னால்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஃபூக்கெட் போயிருந்தோம். விமானம் ஏறுவதற்கு முன்பே சிங்கப்பூரில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து வைத்துக்கொண்டேன். அங்கே கார் கொடுத்த பெண், அனுமதியைப் புரட்டிப் பார்த்தார், பம்பரில் இருந்த கீறல்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார், இடித்தால் நான் எவ்வளவு கட்ட வேண்டும், காப்பீடு எவ்வளவு கட்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அந்த நாலு நாளும் வேக வரம்பைத் தாண்டவே இல்லை நான்.

போன தை மாசம் தஞ்சாவூர் வந்தேன். இந்திய லைசென்ஸ் காலாவதியாகிக் கிடந்தது. சர்வதேச அனுமதி எடுக்கவில்லை. சொந்த ஊருக்கு எதுக்கு? 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருக்கிறது, அனுமதி இங்கேயும் வேண்டும் என்பது தெரியாமல் இல்லை. நம்ம ஊர்தானே என்ற திமிர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கார் வாடகைக்கு விடும் தம்பி என் ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். லைசென்ஸ் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "யாராச்சும் நிறுத்திக் கேட்டா ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லுங்கண்ணே."

வெள்ளைப் பலகை. ஓன் போர்டு. யாரோ ஒருவரின் சொந்தக் கார், மாதத் தவணை கட்டுவதற்காக வாடகைக்கு ஓடுகிறது. தானே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடும் வண்டிக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். டெல்டாவில் அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். நான் பார்த்ததில்லை.

ஏன் இல்லை? 1989ஆம் ஆண்டின் வாடகைக் கார் திட்டம்தான் காரணம். உரிமம் வேண்டுமானால் ஒருவரிடம் குறைந்தது 50 கார்கள் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அகில இந்திய சுற்றுலா அனுமதி வேண்டும், அதில் பாதி குளிர்சாதன வசதியோடு இருக்க வேண்டும், இரவும் பகலும் தொலைபேசி எடுக்கும் அலுவலகம் வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் முதல் போட்டவர்களுக்கு அது சரி. கும்பகோணத்தில் 50 கார் வாங்கி யாருக்கு விடுவது? வாடகை மோட்டார் சைக்கிளுக்கு 1997இல் தனித் திட்டம் போட்டார்கள், அதற்கு 5 வண்டி போதும். பைக்குக்கு அஞ்சு, காருக்கு அம்பது. எந்தக் கணக்கு இது? சிறிய ஊர்க்காரன் நேர்மையாக இந்தத் தொழிலைச் செய்ய முடியாதபடி வாசலை அடைத்துவிட்டு, அவன் கொல்லைப்புறமாக வந்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்பது சட்டமா, வசூலுக்கு வழியா?

ஒரு விஷயத்தை அந்தத் தம்பியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொந்தக் கார் காப்பீட்டுப் பத்திரத்தில் வாடகைக்கு விட்டால் செல்லாது என்று தெளிவாகவே அச்சிட்டிருக்கும்.

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தோம். கீழ்வேளூர் தாண்டி எதிரே அறுவடை இயந்திரம் ஒன்று, முழு விளக்கோடு, சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. கண் கூசி இடதுபுறம் ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்தில் நெல். தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்துக்குச் செங்கல் வைத்திருந்தார்கள். பம்பர் உடைந்தது, ஒரு விளக்கு போனது. குவியலுக்கு அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் காவலுக்குப் படுத்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். முதல் கேள்வி: "புள்ளைகளுக்கு ஏதும் அடியில்லையே தம்பி?" கட்டிலுக்கும் என் சக்கரத்துக்கும் நாலடிகூட இல்லை.

ரோட்டில் நெல்லைக் காயப்போடுகிறார்களே என்று வெளிநாட்டிலிருந்து வரும் நாங்கள் முகம் சுளிப்பதுண்டு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சில வருஷம் தளர்த்துகிறார்கள், அதுவும் கெஞ்சிக் கேட்ட பிறகு. இயந்திரம் அறுத்துக் கொட்டும் நெல் பனியோடு வருகிறது. களத்துமேடெல்லாம் வீடாகிவிட்டது. மிச்சம் இருப்பது தார்ச்சாலைதான். இரவில் விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் குவித்து வைப்பது தப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்த இரவில் லைசென்ஸ் இல்லாமல், செல்லாத காப்பீட்டோடு, பொய் சொல்லத் தயாராக ஓட்டி வந்தவன் நான். நாலடி தள்ளி ஒதுங்கியிருந்தால் அவர் வீட்டுக்கு யார் இழப்பீடு கொடுத்திருப்பார்கள்? கம்பெனி மறுத்திருக்கும், கார்க்காரர் கைவிரித்திருப்பார், நான் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியிருப்பேன்.

டிரைவரோடு டாக்ஸி எடுக்க வேண்டியதுதானே என்பார்கள். எடுக்கலாம். அவர் எங்கே தூங்குகிறார் என்று கேட்டுவிட்டு எடுங்கள். விடுதிகளில் ஓட்டுநர்களுக்குப் படுக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் சேர்த்ததே 2023இல்தான். அது தனிக் கதை.

அந்த 50ஐ 5 ஆக்குங்கள். ஐந்து கார் வைத்திருப்பவர் கருப்புப் பலகை மாட்டட்டும், வாடகைக்கென்றே காப்பீடு எடுக்கட்டும், என்னைப் போன்றவனிடம் லைசென்ஸைக் கேட்கட்டும்.

பம்பருக்கும் விளக்குக்கும் 18,000 ரூபாயை அந்தத் தம்பியின் ஜிபேயில் போட்டேன். ரசீது இல்லை. போன வாரம் வாட்ஸப் பண்ணியிருந்தார், புது வண்டி வந்திருக்காம். என்ன போர்டு என்று கேட்டேன். "வெள்ளைதாண்ணே, போலீஸ் தொந்தரவே இருக்காது."