கேட்கும் காது வேண்டும்

மாண்டலின் பயிலும் மாணவர் ஒருவர் சரளிவரிசையையும் ஜண்டைவரிசையையும் முடித்துவிட்டார். அலங்காரங்களும் ஓரளவு கைவந்துவிட்டன. அருகில் மாண்டலின் ஆசிரியர் எவருமில்லை. ஆகவே இணையத்தில் தேடுகிறார். நூறு காணொளிகள் அடங்கிய தொகுப்பு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆசிரியருடன் வாரம் அரைமணி நேரம் நேரடியாகப் பயிலும் வகுப்புக்கோ கட்டணம் மிக அதிகம். அவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

முற்றிலும் புதியவர் என்றால் காணொளியே போதும். கருவியைப் பிடிப்பது, சுருதி சேர்ப்பது போன்றவற்றைப் பார்த்தே கற்கலாம். வேகத்தைக் குறைத்துப் பத்து முறை பார்த்தாலும் ஆசிரியர் சலித்துக்கொள்ளப் போவதில்லை! ஆனால், தொடக்க நிலையைத் தாண்டியவரின் சிக்கல் வேறு. அவருடைய வளர்ச்சியைத் தடுப்பவை அவருக்கே தெரியாத பிழைகள். தோடி இராகத்தின் காந்தாரத்தை அசைத்து வாசிக்க வேண்டும். அந்த அசைவைக் காணொளி காட்டும். மாணவரின் விரல் அதைச் சரியாகச் செய்ததா என்று சொல்லாது. பிழையோடு நூறு முறை பயிற்சி செய்தால் பிழைதான் கையில் படியும். எனவே, இந்நிலையில் இருப்பவர் நேரடி வகுப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாண்டலினைக் கர்நாடக இசை மேடையில் புகழ்பெறச் செய்த உ. ஸ்ரீநிவாஸ் 1969இல் ஆந்திராவின் பாலக்கொல்லுவில் பிறந்தவர். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார்; சிறுவன் அதைக் கேட்டு வாசிப்பான். எல்லாரும் ஸ்ரீநிவாஸ் ஆகிவிட முடியாதுதான். ஆயினும், குருவின் காது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆசிரியர் எந்த மரபில் வாசிப்பவர் என்பதையும் பார்க்க வேண்டும். மேலைநாட்டு மாண்டலினில் நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள் இருக்கும். ஸ்ரீநிவாஸ் வாசித்ததோ ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலின். இணைத் தந்திகளை ஒருசேர இழுத்துக் கமகம் எழுப்புவது கடினம். கீர்த்தனை வாசிக்க விரும்புபவர் மேலைநாட்டு நாட்டுப்புற இசை வகுப்பில் சேர்ந்தால், ஆறு மாதம் கழித்து வருந்த நேரிடும்.

நேரடி வகுப்பிலும் குறைகள் உண்டு. இணையத்தில் ஒலி சற்றுத் தாமதமாகவே சென்று சேரும். அதனால் இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க இயலாது. ஒருவர் வாசித்து முடித்த பிறகுதான் மற்றவர் வாசிக்க வேண்டும். சில செயலிகள் தந்தியின் ஒலியை இரைச்சல் என்று எண்ணி வடிகட்டிவிடும்; அந்த வசதியை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். கட்டணம் சுமையாக இருந்தால், இரு வாரங்களுக்கு ஒரு வகுப்பு என்று பேசிப் பார்க்கலாம். இடைப்பட்ட நாள்களில் தம் வாசிப்பைத் திறன்பேசியில் பதிவுசெய்து ஆசிரியருக்கு அனுப்பலாம்.

பணம் செலுத்துவதற்கு முன் ஒரு முன்னோட்ட வகுப்பு கேட்பது நல்லது. அதில் நன்கு தெரிந்த அலங்காரம் ஒன்றை வாசித்துக் காட்டலாம். "நன்று" என்று மட்டும் சொல்லி ஆசிரியர் அடுத்த பாடத்துக்குத் தாவுகிறாரா? அல்லது இரண்டாம் வரியிலேயே நிறுத்தி, "அந்த ரிஷபத்தை இன்னொரு முறை வாசியுங்கள்" என்கிறாரா? நிறுத்துபவரிடமே சேரலாம்.