வாங்கியவனுக்கு இல்லாத சாவி

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே உரியது என்பது சந்தை தோன்றிய நாள்முதல் மாந்தர் ஏற்றுக்கொண்ட அறம். மிதிவண்டி வாங்கியவன் அதன் சங்கிலியைக் கழற்றலாம். தையல் இயந்திரம் வாங்கியவள் அதன் அடித்தட்டைத் திறந்து எண்ணெய் இடலாம். பால்மரம் சீவும் கத்தியைத் தொழிலாளி தன் கைவாகுக்கேற்பத் தீட்டிக்கொள்ளலாம். விற்றவன் வந்து, “என் இசைவின்றி ஏன் தொட்டாய்?” என்று கேட்டால் ஊரே நகைக்கும். ஆனால், நம் பிள்ளைகளின் கையில் இன்று தவழும் கையடக்க விளையாட்டுக் கருவியில் இவ்வறம் தலைகீழாகிக் கிடக்கிறது. வாங்கியவன் அதைத் திறந்தால் குற்றவாளி. விற்றவன் தொலைவில் இருந்தபடியே அதை முடக்கினால் அது உரிமை! இந்த முறைகேட்டை நம்மில் பலர் எதிர்க்கவில்லை என்பது மட்டுமா? அதற்குத் தலையாட்டி, கருவியைத் திறந்து பார்க்கும் மாணவனைத் திருடன் என்றும் ஏசுகிறோம். இவ்வெண்ணம் தவறு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனைப் புரிந்துகொள்ளக் கோலசிலாங்கூர் வட்டாரத்தாருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பத்தாங் பெர்ஜுந்தாய் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களுக்கு லயத்து வீடு இருந்தது. ஆனால் அது அவர்களுடையதன்று. அடுப்பெரித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், முற்றத்தில் முருங்கை நட்டார்கள். வேலை உள்ளவரை வீடு. வேலை போயிற்றென்றால் வீடும் போயிற்று. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி முதலிய தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியதை இந்நாடு அறியும். இருப்பதற்கும் உடைமையாதற்கும் உள்ள வேறுபாட்டை உழைத்து, இழந்து கற்றவர்கள் நம் முன்னோர். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கும் கருவியிலும் அதே லயத்துச் சட்டம் நுழைந்திருக்கிறது. குடியிருக்கலாம், ஆணி அடிக்கக் கூடாது!

இந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கருவிக்கு மின்னூட்டியதும் முதலில் விழிப்பது அதன் சில்லுக்குள் ஆலையிலேயே பொறிக்கப்பட்ட சிறு நிரல். பூட் ரோம் என்று அதனைக் குறிப்பர். அதனைப் பின்னர் எவரும் அழித்தெழுத இயலாது. அது அடுத்து வரவேண்டிய தொடக்கி நிரலை எடுத்து, அதில் நிறுவனத்தின் மறைமுத்திரை உள்ளதா என்று ஆராயும். முத்திரை இருந்தால் வழிவிடும். இல்லையேல் கருவி நின்றுவிடும். தொடக்கி நிரல் தன் பங்குக்கு நிலைபொருளையும், நிலைபொருள் ஒவ்வொரு விளையாட்டையும் அவ்வாறே சோதிக்கும். வாயிலில் ஒருவன், கூடத்தில் ஒருவன், அறையில் ஒருவன் என்று காவலர் நிற்க, அவர்கள் அனைவரும் கேட்கும் முத்திரை விற்றவனிடம் மட்டுமே இருக்கிறது. வாங்கியவன் தானே எழுதிய நான்கு வரி நிரலைக்கூடத் தன் கருவியில் ஓட்ட முடியாது.

மாந்தர் அமைத்த பூட்டு மாந்தரால் திறக்கப்படாமல் போனதில்லை. சோனி நிறுவனத்தின் பிஎஸ்பி கருவி 2004ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வெளிவந்தது. பழுதுபார்க்கும் நிலைக்கு அக்கருவியைக் கொண்டுசெல்லும் மறைவழி அதன் மின்கலத்திலேயே இருந்ததை ஆர்வலர் 2007இல் வெளிக்கொணர்ந்தனர். ‘பண்டோராவின் மின்கலம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். உயிரற்றுப் போயின என்று ஒதுக்கப்பட்ட கருவிகளை அம்மின்கலம் மீட்டெழுப்பியது. பழுதுபார்க்கும் சாவி முன்பே இருந்தது. அதை வாங்கியவனுக்குத் தரவில்லை என்பதே அதனால் வெளிப்பட்ட உண்மை.

நிண்டெண்டோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட சுவிட்ச் கருவியின் கதையும் இத்தகையதே. அதன் சில்லில் மீட்பு நிலை ஒன்று உண்டு. யூஎஸ்பி வழியே வரும் வேண்டுகோளில் குறித்துள்ள நீளத்தைச் சரிபார்க்காமல் அப்படியே நகலெடுக்கும் பிழை அந்நிலையில் இருந்தது. கேத்தரின் டெம்கின் என்னும் ஆய்வாளர் அதனைக் கண்டு, உரிய நிறுவனங்களுக்கு முன்னறிவித்து, 2018 ஏப்ரலில் உலகறியச் செய்தார். பிழை பூட் ரோமில் இருந்தமையால், விற்றுப்போன கருவிகளில் எந்த இற்றைப்படுத்தலாலும் அதைத் திருத்த இயலவில்லை. பின்னர் வந்த கருவிகளில் அக்குறை நீக்கப்பட்டது. அவற்றிலோ, ஆர்வலர் சிறு சில்லு ஒன்றைப் பற்றவைத்து, முத்திரையைச் சோதிக்கும் அந்த நொடியில் மின்னழுத்தத்தைச் சற்றே தடுமாறச் செய்து காவலனைக் கண்ணயர வைக்கின்றனர். அவ்வாறு மாற்றப்பட்ட கருவியில் தமக்கு வேண்டிய தொடக்கியையும் மாற்று நிலைபொருளையும் நிறுவிக்கொள்கின்றனர்.

இங்கே எழும் முதல் மறுப்பு, “இது திருட்டுக்கு வழி” என்பது. திருட்டு நடைபெறுகிறது என்பதை யாரும் மறுக்க வேண்டா. பிறர் உழைப்பில் விளைந்த விளையாட்டுகளை நூற்றுக்கணக்கில் ஏற்றி, மாற்றிய கருவியோடு சேர்த்து விற்கும் கடைக்காரன் செய்வது திருட்டே. நூலாசிரியனின் நூலைப் படியெடுத்து விற்பவனை எழுத்தாளர்களாகிய நாம் எவ்வாறு பொறுக்கமாட்டோமோ அவ்வாறே இவனையும் பொறுக்கலாகாது. அத்தகைய கருவிகளை விற்ற குழுவைச் சேர்ந்த கேரி பவுசர் என்பவருக்கு அமெரிக்க நீதிமன்றம் 2022இல் 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால், பூட்டைத் திறத்தல் வேறு. பிறன் பொருளைக் கவர்தல் வேறு. கத்தியால் ஒருவன் குத்தினான் என்பதற்காகக் காய்கறி நறுக்கும் தாயைக் கைது செய்வார் உண்டோ?

சட்டமும் இவ்வேறுபாட்டை முற்றும் மறந்துவிடவில்லை. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 2012இல் நடப்புக்கு வந்த திருத்தம் தொழில்நுட்பப் பூட்டுகளை மீறுவதைத் தடுக்கிறது. எனினும், தனித்து உருவாக்கிய நிரல் ஒன்றைப் பிறிதொன்றோடு இயைந்தியங்கச் செய்வதற்கும், மறையாக்கத்தின் குறைகளை ஆராய்வதற்கும் அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. அமெரிக்காவில் கைப்பேசியின் பூட்டைத் திறக்க 2010இல் விலக்குத் தந்தனர். விளையாட்டுக் கருவிக்கும் அதே விலக்கு வேண்டுமென்று கேட்டபோது 2012இல் மறுத்துவிட்டனர். இரண்டும் கையடக்கக் கணினிகளே. ஒன்றுக்கு ஒரு நீதி, மற்றொன்றுக்கு வேறொரு நீதி! இதனை அறம் என்று எவ்வாறு கொள்வது? நம் சட்டத்திலுள்ள விலக்குகள் குறுகியவை. பழுதுபார்க்கவும், தன் கருவியில் தன் நிரலை ஓட்டவும் வாங்கியவனுக்கு உரிமை உண்டென்று வெளிப்படையாக எழுதப்பட வேண்டும்.

திறப்பவனை நோக்கி விரல் நீட்டுவோர், விற்றவன் செய்வதையும் நோக்குதல் முறை. பிஎஸ்3 கருவியில் வேறோர் இயங்குதளத்தை நிறுவலாம் என்று சொல்லி விற்ற சோனி, 2010 ஏப்ரலில் ஓர் இற்றைப்படுத்தலால் அவ்வசதியைப் பறித்துக்கொண்டது. நிண்டெண்டோ தன் 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையை 2023 மார்ச் 27 அன்று மூடியது. அதில் மட்டுமே கிடைத்த விளையாட்டுகளை இனி முறைப்படி வாங்க வழியில்லை. 2025 மே மாதத்தில் அந்நிறுவனம் அமெரிக்கப் பயனர்களுக்கான தன் உடன்படிக்கையைத் திருத்தி, விதி மீறியவரின் கருவியை நிலையாகப் பயனற்றதாக்கவும் தனக்கு உரிமை உண்டு என்று எழுதிக்கொண்டது. லயத்தைப் பூட்டிய துரைமார்களாவது வேலை போன பின் பூட்டினார்கள். இங்கே வீட்டை விற்றுப் பணத்தையும் பெற்றுக்கொண்ட பிறகல்லவா பூட்டுகிறார்கள்?

“கருவி பாழாகிவிடுமே” என்பது இரண்டாவது மறுப்பு. முறை அறியாதவன் கையில் பாழாவது உண்மையே. அதற்கு மருந்து அச்சமன்று, கல்வி. கருவியின் நினைவகம் முழுவதையும் முதலில் நகலெடுத்து வேறிடத்தில் காத்து வைத்தல். தன் கருவி எந்த வகையினது என்று வரிசை எண்ணால் தெளிதல். நிரலின் மூலவரிகள் எவரும் படிக்கத்தக்கவாறு வெளியிடப்பட்டவற்றையே நிறுவுதல். பற்றவைக்கும் கை தேறாதவன் பழைய பலகையில் பழகிய பின்னரே புதியதைத் தொடுதல். நிறுவனத்தின் இணையச் சேவையிலிருந்து விலக்கப்படலாம் என்பதை முன்னரே உணர்தல். இவை யாவும் ஒரு நல்ல தொழிலாளியின் ஒழுக்கங்கள். நீச்சல் தெரியாதவன் மூழ்குவான் என்பதற்காகச் சிலாங்கூர் ஆற்றை மூடிவிட முடியுமா?

மூன்றாவது மறுப்பே நம் ஆசிரியர்களிடம் மிகுதியாகக் கேட்பது. “விளையாட்டுக் கருவியில் என்ன கல்வி? தமிழுக்கு இதனால் என்ன பயன்?” என்பர். இதற்கு நம் நாட்டு வரலாறே விடை கூறும். 1980களின் நடுவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளால் கணினியில் தமிழைக் கொணர்ந்தார். அன்றைய மேசைக் கணினி வாங்கியவனின் நிரலுக்கு வழிவிட்டது. எந்த நிறுவனத்தின் முத்திரைக்கும் தமிழ் காத்துக் கிடக்கவில்லை. பின்னர் 2010ஐ ஒட்டி வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தபோது, பொறுக்க மாட்டாத இளைஞர்கள் கருவியின் மூல உரிமையைத் திறந்து எழுத்துருவை உள்ளே வைத்தனர். சுவிட்ச் கருவியின் மொழிப் பட்டியலில் ஜப்பானியம் உண்டு, கொரியம் உண்டு, டச்சும் உண்டு, தமிழ் இல்லை. பூட்டிய கருவியில் நம் மொழி நுழைய வேண்டுமாயின், ஒன்று நிறுவனத்திடம் இரந்து நிற்க வேண்டும். அன்றேல் பூட்டைத் திறக்க வேண்டும்.

திறந்தபின் செய்வதற்குத் தமிழ்ப்பணி நிரம்ப உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். நினைவகத்தில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் நிற்கும். திரையிலோ கொம்பு முன்னே வந்து, கால் பின்னே நிற்க வேண்டும். இம்முறையை அறியாத நிரல் தமிழைச் சிதைத்தே காட்டும். அதனைச் செவ்வையாகக் காட்டும் சிறுநிரல் ஒன்றை மாணவன் எழுதுவானாயின், உயிர்மெய்யின் இலக்கணத்தையும் கணினியின் இயக்கத்தையும் ஒருங்கே கற்றவனாகிறான். சொல்லாட்டம் ஒன்றை அவன் தன் கருவியில் தமிழில் அமைப்பானாயின், அது ஏட்டில் நூறு பயிற்சிகளுக்கு நிகராகும். விளையாட்டை நுகர்பவன் நிலையிலிருந்து ஆக்குபவன் நிலைக்கு அவனை உயர்த்தும் படிக்கட்டு இதுவே.

பத்தாங் பெர்ஜுந்தாய் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. பெஸ்தாரி என்றால் அறிவு நிறைந்தது என்று பொருள். அவ்வூரில் இன்று சிலாங்கூர் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ரப்பர் மரம் சீவிய கைகளின் பேரக்கைகள் சில்லைப் பற்றவைக்கவும் நிரலை எழுதவும் வல்லவை என்பதில் ஐயமில்லை. ஆசிரியப் பெருமக்களே! உங்கள் மாணவன் தன் கருவியைத் திறந்து வைத்திருக்கக் கண்டால் பிடுங்கிப் பூட்டி வைக்காதீர். பிறர் விளையாட்டைத் திருடலாகாது என்று அவனுக்குக் கண்டிப்புடன் சொல்லுங்கள். உன் விளையாட்டைத் தமிழில் எழுது என்று அதே மூச்சில் ஊக்குங்கள். மாணவர்களே! விலைக்கு வாங்கியும் சாவி இல்லாத வீட்டில் குடியிருக்கப் பழகிவிடாதீர். பூட்டு எவ்வாறு இயங்குகிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். சட்டம் அறிந்து, அறம் பிறழாமல் திறந்து பாருங்கள். சொந்த வீட்டுக்காக உங்கள் பாட்டன்மார் கேட்ட கேள்வியையே நீங்கள் உங்கள் கையிலுள்ள கருவியைப் பற்றியும் கேளுங்கள்: இது யாருடையது?