கும்மிடிப்பூண்டி சிப்காட் சுற்றுக் கிராம மக்களின் கோரிக்கைச் சாசனம், 2025

பெறுநர்: திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர், ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை, சிப்காட் நிர்வாகம்.

கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் 61 ஊராட்சிகளிலும் இன்று தலைவர் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. 2019 டிசம்பரில் நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ராத்திரி போர் மோட்டாரில் காயில் எரிந்தால் முன்பு தலைவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். இப்போது விடிந்ததும் பஸ் ஏறி ஒன்றிய அலுவலகம் போய், அவர் இன்று எந்த ஊரில் ஆய்வில் இருக்கிறார் என்று விசாரிக்க வேண்டும்.

ஆகவே முதல் கோரிக்கை, உள்ளாட்சித் தேர்தல். பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் விதி. 2016 அக்டோபரிலும் இப்படித்தான் பதவிக்காலம் முடிந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் நிர்வாகம் நடந்தது. மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. வார்டு மறுவரையறைதான் தடை என்றால், அதை முடிக்கும் கெடு தேதியை அறிவியுங்கள்.

அடுத்தது சிப்காட் தொழிற்பேட்டை. வளாகத்துக்குள் சாலை, தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் சிப்காட் பொறுப்பு. அதற்கான கட்டணத்தை ஆலைகளிடம் அதுவே வாங்கிக்கொள்கிறது. மதிலுக்கு வெளியே ஊராட்சி. ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்து ஆலை உலைகளில் வேலை செய்பவர்கள் தங்குவது எங்கள் தெருவில் உள்ள பத்துக்குப் பத்து அறைகளில்தான். பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்டுக்காரர் படுக்கிறார். அவர்களை அனுப்பச் சொல்லவில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம். ஊராட்சிக்கான நிதிப்பகிர்வு 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வருகிறது. குப்பையும் சாக்கடையும் இன்றைய தலைக்கணக்கில் சேர்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட இங்கே வசிப்போரை எண்ணி, தொழிற்பகுதி ஊராட்சிகளுக்குத் தனி மானியமும் கூடுதல் தூய்மைக் காவலர்களும் தர வேண்டும்.

எந்த ஆலை எவ்வளவு சொத்து வரி, தொழில் வரி கட்டியது, எவ்வளவு பாக்கி என்பதை ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளிலும் வாசிக்க வேண்டும். அதே சபைக்கு சிப்காட் அதிகாரியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளரும் வர வேண்டும். ஆலைகளுக்குத் தந்த இசைவாணைகளைத் தமிழில் கொடுக்க வேண்டும். புகைக்கு என்ன வரம்பு, கழிவுநீர் எங்கே போக வேண்டும் என்று எழுதியிருக்கும் காகிதத்தை, அந்தப் புகையைச் சுவாசிப்பவர் படிக்க முடியாமல் இருப்பது நியாயமா?

தொழில் நகரியம் என்று அறிவித்து, எங்கள் ஊர்களை நியமன ஆணையத்தின் கீழ் கொண்டுபோகும் யோசனை இருந்தால், கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் அதில் ஓர் அடிகூட எடுத்துவைக்கக் கூடாது.

இன்னொன்று. இதே ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கத்தில் 2020 சுதந்திர தினத்தன்று தலித் பெண் தலைவரைத் தேசியக் கொடி ஏற்றவிடவில்லை. ஐந்து நாள் கழித்து ஆட்சியர் நேரில் வந்த பிறகே ஏற்றினார். இனி அப்படி நடக்காதிருக்க, தேர்தல் முடிந்ததும் அலுவலகச் சாவி, நாற்காலி, கணக்குப் புத்தகம் மூன்றும் தலைவர் கைக்கே வர வேண்டும். பெண் தலைவருக்குப் பதிலாகக் கூட்டத்தில் அவர் கணவர் உட்கார்ந்தால் அந்தக் கூட்டம் செல்லாது என்று ஆணையிட வேண்டும்.

இவற்றுக்கான பதிலை அடுத்த கிராம சபைக்கு முன் எழுத்தில் தாருங்கள். மறுப்பதானால், காரணத்தை அதிகாரி ஒருவர் சபைக்கே வந்து மைக்கில் சொல்லட்டும்.