தீர்ப்பை மறுக்க ஓர் இடம்

கலைப் போட்டிகளில் பெண்கள் பின்தள்ளப்படுவதற்கு நடுவர்களின் ஓரவஞ்சனையையே காரணமாகச் சொல்லிவருகிறோம். சர்வாதிகாரத்தில் அதைவிடக் கொடியது, அந்தத் தீர்ப்பை மறுத்துப் பேச நாதியில்லாமல் போவது. 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கில் ஓவியம், சிற்பம், இலக்கியத்துக்கும் பதக்கங்கள் உண்டு. 1928இல் கால்பந்து வீரனின் சிற்பத்துக்காக வெண்கலம் பெற்றவர் பெர்லின் சிற்பி ரெனே சின்டெனிஸ். குதிரைக்குட்டியின் துள்ளலைக் கையடக்க வெண்கலத்தில் பிடித்துவிடுவார். 1931இல் பிரஷ்யக் கலைக்கழகம் சேர்த்துக்கொண்ட முதல் பெண் சிற்பி. யூத வம்சாவளி என்று 1934இல் நாஜி ஆட்சியில் வெளியேற்றப்பட்டார். 1936இல் போட்டி அவர் ஊருக்கே வந்தது. பதக்கம் பெற்றவர்களில் ஒரு பெண்கூட இல்லை; சிற்பத்தில் வெள்ளி, ஆளுயரம் மிஞ்சிய தசைத்திரள் வீரனை வடித்த ஆர்னோ பிரேக்கருக்கு. அந்த நவம்பரில் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் கலை விமர்சனத்தையே தடைசெய்தார்.

ஜனநாயக நாடுகளில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். நியாயம்தான். அந்தப் போட்டிகளின் வரலாற்றிலேயே தங்கம் வென்ற ஒரே பெண், 1948இல் பின்லாந்துக் கவிஞர் ஆலே டூன்னி. ஆனால் ஜனநாயகத்தில் அநீதியை எழுதலாம், சண்டை பிடிக்கலாம், மாற்றுக் கண்காட்சி வைக்கலாம். ஜெர்மன் இயக்குநர் லெனி ரீஃபன்ஸ்டாலின் ‘ஒலிம்பியா’ படம் 1938இல் வெனிஸில் முசோலினி கோப்பை வாங்கியதைக் காட்டுவோரும் உண்டு. நாஜித் தலைவரின் தயவில் ஒருத்திக்குக் கிடைத்த இடம் அது. தயவு எந்தப் பெண்ணுக்கும் உரிமையாகாது.

இது ஐரோப்பாவின் கதை மட்டுமல்ல. பெங்களூர் நம் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து நூறு கிலோமீட்டர்தான். ஸ்நேகலதா ரெட்டி நடித்த ‘சம்ஸ்காரா’ படத்தைச் சென்னைத் தணிக்கைக் குழு தடுத்தபோது எதிர்த்துப் பேச வழி இருந்தது. பேசினார்கள், தடை நீங்கியது, 1970ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் வந்தது. நெருக்கடி நிலையில், 1976 மே மாதம், அதே கலைஞரைப் பெங்களூர் மத்தியச் சிறையில் அடைத்தார்கள். ஆஸ்துமா நோயாளி. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. தணிக்கைக்குள் இருந்த பத்திரிகைகளால் அவருக்காகக் குரல் கொடுக்க முடியவில்லை. பரோலில் வெளிவந்த சில நாட்களில், 1977 ஜனவரி 20 அன்று, இறந்தார். அன்றைய பிரதமர் பெண்தானே என்பவர்களுக்கு: ஆட்சியில் ஒரு பெண் இருந்தது சிறையிலிருந்த பெண்ணுக்கு மருந்துக்கும் உதவவில்லை.

ஆகவே ஆண்டர்சன்பேட்டையிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் ஓவிய, கவிதைப் போட்டி நடத்துபவர்களிடம் கேட்கிறோம்: நடுவர் யார், யாருக்கு ஏன் பரிசு என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். அதை மறுத்து எந்தப் பெண் எழுதினாலும் இந்த இதழில் வெட்டாமல் அச்சிடுவோம்.